பில் போடக் கொடுத்த நம்பர் இன்ஸ்டா ஸ்டோரிக்கு எப்படிப் போனது? ஆன்லைனில் விற்பவர்களும் வாங்குபவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய தரவுச் சட்டம்

"நம்பர் சொல்லுங்க மேடம்."

துணிக்கடை, மருந்துக்கடை, செருப்புக்கடை என எங்கே பில் போடப் போனாலும் முதலில் காதில் விழுவது இந்தக் கேள்விதான். எதற்கு என்று பெரும்பாலும் யாரும் திருப்பிக் கேட்பதில்லை. பின்னால் வரிசை நிற்கும். பத்து இலக்கத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

அந்த நம்பர் கடையின் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் இன்று தெருமுனைக் கடைக்குக்கூட ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம், ஒரு வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கு, முடிந்தால் ஒரு வெப்சைட் இருக்கிறது. பில்லுக்காகச் சொன்ன நம்பர் ஆஃபர் மெசேஜுக்குப் போகிறது, அங்கிருந்து விளம்பரத்துக்குப் போகிறது. சில நேரம் ஸ்கிரீன்ஷாட்டாக மாறி, ஆயிரக்கணக்கானோர் பார்க்கும் ஸ்டோரியிலும் வந்துவிடுகிறது.

இதில் எது சரி, எது தவறு? தவறு என்றால் யார் பொறுப்பு?

சட்டம் எங்கே நிற்கிறது?

அந்தரங்க உரிமை என்பது அரசியலமைப்பு தரும் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24-ம் தேதி தீர்ப்பளித்தது. புட்டசாமி வழக்கு என்று சொல்வார்களே, அதுதான். அதன் பிறகு ஆறு வருட இழுபறிக்குப் பின், 2023 ஆகஸ்ட்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

சட்டம் வந்தும் விதிகள் வரவில்லை. அவை 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. எல்லாம் ஒரே நாளில் அமலுக்கு வருவதில்லை. வியாபாரிகளை நேரடியாகத் தொடும் முக்கியப் பிரிவுகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. அதாவது 2027 மே மாதம் வரை.

"அப்போ அதுவரைக்கும் கவலை இல்லை" என்று நினைத்துவிட வேண்டாம். 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு அதுவரை நடைமுறையில் இருக்கிறது. பாஸ்வேர்டு, வங்கி மற்றும் கார்டு விவரம், உடல்நலத் தகவல் போன்றவற்றை அலட்சியமாகக் கையாண்டு ஒருவருக்கு நஷ்டம் ஏற்பட்டால் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்கிறது அது. பெரிய கம்பெனிகளுக்கு மட்டுமல்ல, ஒரே ஆள் நடத்தும் தனியுரிமைத் தொழிலுக்கும் பொருந்தும் என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது.

புதிய சட்டத்தின் அடிப்படை ரொம்ப எளிமையானது. ஒருவர் எந்தக் காரணத்துக்காகத் தகவலைத் தருகிறாரோ, அந்தக் காரணத்துக்கு மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். இதை விளக்க சட்டத்திலேயே ஒரு மருந்துக்கடை உதாரணம் இருக்கிறது. ஒருவர் மருந்து வாங்குகிறார், ரசீதை மொபைலுக்கு அனுப்பச் சொல்லி தானாகவே நம்பரைத் தருகிறார். ரசீது அனுப்ப அந்த நம்பரைக் கடைக்காரர் பயன்படுத்தலாம். அதற்கென்று தனியாக ஒப்புதல் வாங்கத் தேவையில்லை. ஆனால் மறுநாள் முதல் "சத்து மாவுக்கு 20 ரூபாய் தள்ளுபடி" என்று மெசேஜ் தட்டுவது வேறு காரணம். அதற்கு வேறு ஒப்புதல் வேண்டும்.

ஒப்புதல் என்றால் பெயருக்கு ஒரு டிக் அல்ல. கட்டாயம் இல்லாமல், எதற்கு என்று தெரிந்து, தெளிவாகத் தர வேண்டும். என்ன தகவல் எதற்காக எடுக்கப்படுகிறது என்ற அறிவிப்பை ஆங்கிலத்திலோ, எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வசதி வேண்டும். தமிழ் அதில் ஒன்று. கொடுத்தது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். ஒரே கிளிக்கில் சேர்த்துக்கொண்டு, வெளியேற மட்டும் 'ஆபீஸுக்கு மெயில் போடுங்க' என்றால் அது ஒத்துவராது.

சின்னக் கடைக்கும் பொருந்துமா?

பொருந்தும். 'இவ்வளவு விற்பனைக்குக் கீழே இருந்தால் விலக்கு' என்று சட்டத்தில் எந்த வரம்பும் இல்லை. கையாளும் தரவின் அளவையும் தன்மையையும் பார்த்து, ஸ்டார்ட்அப் உள்ளிட்ட சில வகை நிறுவனங்களுக்குச் சில பிரிவுகளிலிருந்து மட்டும் மத்திய அரசு விலக்கு அளிக்கலாம். தரவைப் பாதுகாக்கும் கடமை அந்த விலக்குப் பட்டியலில் இல்லை.

காகித நோட்டில் எழுதி வைத்திருக்கும் கடன் கணக்குக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் அந்த நோட்டை போட்டோ எடுத்து எக்செல் ஷீட்டில் ஏற்றிய நிமிடம் பொருந்தும்.

அபராதம்தான் பலரையும் பயமுறுத்துகிறது. போதிய பாதுகாப்பு செய்யாமல் தரவு கசிந்தால் அதிகபட்சம் 250 கோடி ரூபாய். கசிந்ததைத் தெரிவிக்காமல் விட்டால் அதிகபட்சம் 200 கோடி ரூபாய். இவை உச்சவரம்புகள்தான். தவறின் தன்மை, எவ்வளவு காலம் நடந்தது, பாதிப்பைக் குறைக்க என்ன செய்தார்கள் என்பதையெல்லாம் பார்த்துத்தான் தரவுப் பாதுகாப்பு வாரியம் தொகையை முடிவு செய்யும். வீட்டிலிருந்து சேலை விற்பவருக்கு 250 கோடி அபராதம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பயமுறுத்தல்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

சின்ன வியாபாரிகளிடம் நிஜமாகவே நடக்கும் தவறுகள் வேறு. அவை பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் வருவதில்லை, பழக்கத்தால் வருகின்றன.

'ஹேப்பி கஸ்டமர்' ஸ்கிரீன்ஷாட்

இன்ஸ்டாகிராமில் பொருள் விற்பவர்களுக்கு ரிவ்யூதான் முதலீடு. "சிஸ், சேலை வந்துடுச்சு, கலர் சூப்பர்" என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் அனுப்பினால், அது அடுத்த ஐந்தாவது நிமிடம் ஸ்டோரியில் இருக்கும். பிறகு நிரந்தரமாக ஹைலைட்டில் இருக்கும். மேலே அவர் பெயர் அல்லது நம்பர், பக்கத்தில் புரொஃபைல் படம். அவர் அந்த வார்த்தையை விற்பவரிடம் சொன்னார், ஊருக்குச் சொல்லவில்லை.

சிலர் நம்பரை மறைக்கிறார்கள். எப்படி? போனில் உள்ள மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுத்து. ஹைலைட்டர் வகை மார்க்கர்கள் முழுசாக மறைக்காது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தால் அடியில் உள்ள எண் தெரிந்துவிடும். மறைப்பதைவிட அந்தப் பகுதியையே வெட்டிவிடுவது நல்லது. அதையும்விட நல்லது, "இதைப் போடலாமா அக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்பது. அவர் "போடுங்க" என்று சொல்லும் பதிலே ஒப்புதலின் பதிவாக இருக்கும்.

பேமெண்ட் ஸ்கிரீன்ஷாட் இன்னும் மோசம். 'இன்னைக்கு இத்தனை ஆர்டர்' என்று காட்டுவதற்காகப் போடப்படும் அந்தப் படங்களில் வாடிக்கையாளரின் பெயர், யுபிஐ ஐடி, சில நேரம் வங்கிக் கணக்கின் கடைசி நான்கு எண்கள் வரை இருக்கும். பலருடைய யுபிஐ ஐடியே அவர்களின் மொபைல் நம்பர்தான்.

அடுத்தது பேக்கிங் ரீல்ஸ். பார்சல்கள் வரிசையாக அடுக்கி, லேபிள் ஒட்டி, பின்னணியில் ஒரு பாட்டோடு வீடியோ வரும். லேபிளில் பெயர், முழு முகவரி, போன் நம்பர். வீடியோவை நிறுத்திப் பெரிதாக்கிப் பார்க்க யாருக்கும் தனித் திறமை வேண்டாம். கூரியர் ரசீதுகளை மொத்தமாகப் போட்டோ எடுத்து 'டுடே டிராக்கிங் டீடெய்ல்ஸ்' என்று குரூப்பில் போடுவதும் இதே கதைதான். ஒருவருக்குத் தேவையான டிராக்கிங் நம்பரை 40 பேர் பார்க்கிறார்கள். கூடவே மற்ற 39 பேரின் பெயர், ஊரையும் பார்க்கிறார்கள்.

'ஒரு முகவரி தெரிந்தால் என்ன ஆகிவிடும்?' என்று தோன்றலாம். யார் என்ன வாங்கினார், எப்போது வாங்கினார், எந்த ஊர் என்ற மூன்றும் தெரிந்தால் மோசடிக்காரருக்கு அது போதும். "உங்க பார்சல் அட்ரஸ் தப்பா இருக்கு, அஞ்சு ரூபாய் கட்டினா டெலிவரி ஆகும்" என்று லிங்க் வரும்போது, பொருளின் பெயரைச் சரியாகச் சொன்னால் யாரும் நம்பிவிடுவார்கள். பெண் வாடிக்கையாளர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அறிமுகமில்லாத நம்பரிலிருந்து 'ஹாய்' வர ஆரம்பிக்கும். அது எங்கிருந்து கசிந்தது என்று அவர்களால் கண்டுபிடிக்கவே முடியாது.

குரூப்பா, பிராட்காஸ்ட்டா?

வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவரைச் சேர்த்தால், அவரது நம்பர் அந்தக் குரூப்பில் உள்ள எல்லோருக்கும் தெரியும். 300 வாடிக்கையாளர்களை அவர்களைக் கேட்காமலே ஒரு குரூப்பில் தள்ளுவது, 300 பேரின் நம்பரை 300 பேருக்கும் கொடுப்பதற்குச் சமம். இதற்கு மாற்று அதே செயலியில் இருக்கிறது. பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் அனுப்பினால் பெறுபவர்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியாது. கடையின் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும் என்பது வியாபாரிகளுக்குக் குறையாகத் தெரியலாம். உண்மையில் அது ஒரு வடிகட்டி. விருப்பம் உள்ளவர்தான் நம்பரைச் சேமிப்பார். வாட்ஸ்அப் சேனலிலும் பின்தொடர்பவர்களின் நம்பர் மற்ற பின்தொடர்பவர்களுக்குத் தெரியாது.

குழந்தைகள் படம்: இரண்டு மடங்கு கவனம்

இந்தச் சட்டத்தில் குழந்தை என்றால் 18 வயது நிரம்பாதவர். அவர்களின் தரவைக் கையாள பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். குழந்தைகளின் இணைய நடவடிக்கைகளைக் கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. மீறினால் அபராத வரம்பு 200 கோடி வரை.

இதை டியூஷன் சென்டர்களும் டான்ஸ் கிளாஸ்களும்தான் முதலில் கவனிக்க வேண்டும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று மாணவர் படம், பெயர், மார்க், பள்ளி எல்லாம் போட்டு ஃபேஸ்புக்கில் போஸ்டர் வெளியிடுவது நம் ஊரில் சாதாரணம். பிளஸ் டூ மாணவர்கள் பலருக்கு 17 வயதுதான். சேர்க்கைப் படிவத்திலேயே 'மகன் அல்லது மகளின் படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா?' என்று தனியாக ஒரு வரி வைத்து, 'வேண்டாம்' என்று சொல்லவும் இடம் விட்டால் பாதி வேலை முடிந்தது. ஆடைக் கடைகள் குழந்தைகளுக்கு உடுப்பு மாட்டி ரீல்ஸ் எடுப்பதும் இதில் அடங்கும்.

சிசிடிவி காட்சிகள் பற்றியும் ஒரு வார்த்தை. 'திருட்டு அக்காவைப் பாருங்க' என்று கடைக் கேமராவில் பதிவானதை ரீல்ஸாகப் போடும் வழக்கம் பரவிவருகிறது. அதே காட்சியைக் காவல் நிலையத்தில் கொடுப்பது வேறு, ஊர் பார்க்கப் போடுவது வேறு. அவர் திருடவில்லை என்று பிறகு தெரிந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவின் கீழ் அவதூறு வழக்கும் வரலாம்.

வெப்சைட்டில் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணால் பார்க்கக்கூடியவை. வெப்சைட்டில் நடப்பது பல நேரம் அதன் உரிமையாளருக்கே தெரியாது.

ஜெர்மனியில் ஃபேஷன் ஐடி என்ற ஆன்லைன் துணிக்கடை தன் தளத்தில் ஃபேஸ்புக்கின் 'லைக்' பட்டனை வைத்திருந்தது. எல்லோரும் வைப்பதுதான். ஆனால் அந்தப் பக்கத்தைத் திறந்த உடனேயே, வந்தவரின் ஐபி முகவரி உள்ளிட்ட விவரங்கள் ஃபேஸ்புக்குக்குப் போய்க்கொண்டிருந்தன. அவர் லைக் பட்டனை அழுத்தவே வேண்டாம். அவருக்கு ஃபேஸ்புக் கணக்கே இல்லாவிட்டாலும் போகும். நுகர்வோர் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. 2019 ஜூலை 29-ம் தேதி ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: தகவலைச் சேகரித்து அனுப்பிய அந்தக் கட்டத்துக்குக் கடையும் ஃபேஸ்புக்கும் கூட்டாகப் பொறுப்பு. பிறகு ஃபேஸ்புக் அதை வைத்து என்ன செய்கிறது என்பதற்குக் கடை பொறுப்பல்ல. ஆனால் கதவைத் திறந்துவிட்டது கடைதான்.

அதற்கு ஒரு வருடம் முன்பே, 2018 ஜூனில், ஃபேஸ்புக்கில் ரசிகர் பக்கம் நடத்திய ஜெர்மன் கல்வி நிறுவனம் ஒன்றின் வழக்கில், பக்கத்தை நடத்துபவரும் பார்வையாளர்களின் தரவுக்குக் கூட்டுப் பொறுப்பாளி என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. 'பக்கம் எங்களுடையது, தளம் அவர்களுடையது' என்ற வாதம் எடுபடவில்லை.

2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு இன்னும் வேடிக்கையானது. ஒரு வெப்சைட் கூகுள் எழுத்துருவைக் கூகுளின் சர்வரிலிருந்து எடுத்துப் பயன்படுத்தியது. அதனால் பார்வையாளரின் ஐபி முகவரி ஒப்புதல் இல்லாமல் கூகுளுக்குப் போனது. இழப்பீடு 100 யூரோ. ஒரு எழுத்துருவுக்காக!

இவை ஐரோப்பியச் சட்டப்படி வந்த தீர்ப்புகள். இந்திய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் தொழில்நுட்பம் ஒன்றுதான். திருச்சியில் உள்ள ஒரு நகைக்கடையின் வெப்சைட்டில் இருக்கும் விளம்பர 'பிக்சல்' நிரலும், ஜெர்மன் கடையின் லைக் பட்டனும் ஒரே மாதிரி வேலைதான் செய்கின்றன. ஒருவர் எந்த வளையலைப் பார்த்தார், எதைக் கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் போனார் என்பதை விளம்பர நிறுவனத்துக்குச் சொல்கின்றன. அதனால்தான் வெளியே வந்த பிறகும் அந்த வளையல் இன்ஸ்டாகிராமில் துரத்துகிறது.

நகைக்கு இது எரிச்சலோடு முடிந்துவிடும். மருத்துவமனை முன்பதிவுப் பக்கத்தில் அதே பிக்சல் இருந்தால்? அமெரிக்காவில் மருந்துத் தள்ளுபடி சேவை தரும் குட்ஆர்எக்ஸ் நிறுவனம், பயனர்களின் உடல்நலத் தகவல்களை ஃபேஸ்புக், கூகுள் போன்ற நிறுவனங்களுக்கு அனுப்பியதாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2023 பிப்ரவரியில் நடவடிக்கை எடுத்தது. 15 லட்சம் டாலர் அபராதம் கட்ட அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. கருத்தரிப்பு மையம், மனநல ஆலோசனை, தோல் சிகிச்சை என்று வெப்சைட் நடத்துபவர்கள், தங்கள் தளத்தைக் கட்டித் தந்தவரிடம் "எந்தெந்த டிராக்கர் போட்டிருக்கீங்க?" என்று கேட்டு ஒரு பட்டியல் வாங்கி வைக்க வேண்டும். தேவை இல்லாததை எடுத்துவிடச் சொல்ல வேண்டும்.

வாடிக்கையாளர் நம்பர்களை எக்செல் ஷீட்டாக ஃபேஸ்புக்கில் ஏற்றி, 'இவர்களுக்கு மட்டும் விளம்பரம் காட்டு' என்று சொல்லும் வசதியும் உண்டு. நம்பர்கள் குறியீடாக மாற்றப்பட்டுத்தான் போகின்றன என்று ஏஜென்சிகள் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தக் குறியீட்டை வைத்து அதே ஆளைக் கண்டுபிடிப்பதுதான் அந்த வசதியின் நோக்கமே. பில்லுக்காக வாங்கிய நம்பரை இதற்குப் பயன்படுத்த, அதைச் சொல்லி ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். சட்டம் அமலுக்கு வரும் முன்பே ஒப்புதல் பெற்றுச் சேர்த்த பழைய பட்டியல்களுக்கும் விலக்கு இல்லை. அமலுக்கு வந்த பிறகு, அவர்களுக்கும் முடிந்தவரை சீக்கிரம் அறிவிப்பு அனுப்ப வேண்டும்.

இன்னொன்று, வேறு தளத்திலிருந்து காப்பி அடித்த 'பிரைவசி பாலிசி'. கலிபோர்னியா சட்டத்தை மேற்கோள் காட்டும் ஊறுகாய்க் கடைகளை இணையத்தில் பார்க்கலாம். சில இடங்களில் பழைய கம்பெனியின் பெயரைக்கூட மாற்றாமல் விட்டிருப்பார்கள். நான்கு வரி போதும், அது தமிழில் இருந்தால் இன்னும் நல்லது: என்ன வாங்குகிறோம், எதற்கு, யாரிடம் கொடுக்கிறோம், நீக்க யாரைத் தொடர்புகொள்ள வேண்டும்.

கோபத்தில் போடும் பதில்

கூகுளில் ஒருவர் ஒரு ஸ்டார் கொடுத்துத் திட்டிவிட்டால் கடைக்காரருக்குக் கோபம் வருவது இயல்பு. "நீங்க மார்ச் மாசம் வாங்கின லோனே இன்னும் கட்டலை, எங்களைக் குறை சொல்றீங்களா?" என்று பதில் போட்டால் அங்கேதான் சிக்கல். அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஒரு பல் மருத்துவமனை, யெல்ப் தளத்தில் வந்த விமர்சனத்துக்குப் பதில் சொல்லும்போது நோயாளியின் பெயரையும் சிகிச்சை விவரத்தையும் வெளியிட்டது. 2019 அக்டோபரில் 10,000 டாலர் கட்ட வேண்டியதாயிற்று. அந்த வாடிக்கையாளர் தன் அனுபவத்தைத் தானே வெளியிட்டார் என்பதற்காக, அவரைப் பற்றிக் கடைக்குத் தெரிந்த மற்றதையும் வெளியிடும் உரிமை கடைக்கு வந்துவிடாது. "உங்கள் பிரச்னையை நேரில் பேசித் தீர்ப்போம்" என்று ஒரு வரி போதும்.

எக்செல் ஷீட்டும் வேலையை விட்டுப்போன தம்பியும்

தரவுக் கசிவு என்றதும் இருட்டறையில் உட்கார்ந்திருக்கும் ஹேக்கர்தான் நினைவுக்கு வருகிறார். பெரிய நிறுவனங்களில் அப்படி நடப்பதுண்டு. 2018-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் நுழைந்தவர்கள் அதன் நிரலில் சில வரிகளை மாற்றி, பயணிகள் தட்டும் கார்டு விவரத்தைத் தங்களுக்குத் திருப்பிவிட்டார்கள். 4 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தகவல் சிக்கியது. 2020-ல் அந்த நிறுவனத்துக்கு 2 கோடி பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

சின்னக் கடைகளில் கசிவது இவ்வளவு சினிமாத்தனமாக இருக்காது. ஆர்டர் விவரங்கள் உள்ள கூகுள் ஷீட், 'லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்' என்ற அமைப்பில் இருக்கும். ஆர்டர் எடுக்கும் கூகுள் ஃபார்மில் 'முடிவுகளின் சுருக்கத்தைக் காட்டு' என்ற வசதி ஆன் ஆகியிருக்கும். படிவத்தை நிரப்பியவர் அதைத் தட்டினால், மற்றவர்கள் எழுதிய பெயரும் முகவரியும் வந்து நிற்கும். இன்ஸ்டா பக்கத்தைப் பார்த்துக்கொண்ட தம்பி வேலையை விட்டுப் போய் ஆறு மாதம் ஆகியிருக்கும், அவர் போனில் லாகின் இன்னும் இருக்கும். அந்தக் கணக்கில்தான் எல்லா டிஎம்களும் இருக்கின்றன, எல்லா முகவரிகளும் இருக்கின்றன.

ஒருவர் விலகும் அன்றே பாஸ்வேர்டை மாற்றி, எல்லா சாதனங்களிலிருந்தும் லாகவுட் செய்ய வேண்டும். இரண்டு அடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம். செலவே இல்லாத இந்த இரண்டை மட்டும் செய்தாலே பாதிக் கதவு மூடிவிடும்.

கார்டு எண்ணை வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 2022 அக்டோபர் 1 முதல் வணிகர்கள் வாடிக்கையாளரின் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கவே கூடாது. அதற்குப் பதிலாக 'டோக்கன்' என்ற மாற்றுக் குறியீடுதான்.

விற்பவரின் அந்தரங்கம்?

இதைப் பலரும் பேசுவதில்லை. வீட்டிலிருந்து மசாலாப் பொடி, நைட்டி, கேக் விற்கும் பெண்களுக்குத் தங்கள் வீட்டு முகவரியும் சொந்த நம்பரும் ஊருக்கே தெரிவது பெரிய சங்கடம். ஆனால் 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகள், தொடர்ந்து ஆன்லைனில் விற்பவர் தன் பெயர், முகவரி, குறைதீர்ப்புத் தொடர்பு ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. பணம் கட்டியவர் ஏமாந்தால் யாரைத் தேடிப் போவார் என்பது அந்த விதியின் நியாயம். இரண்டுக்கும் நடுவே சில வழிகள் இருக்கின்றன. வியாபாரத்துக்கென்று தனி சிம் வாங்கலாம். வாடிக்கையாளர் வீட்டுக்கே வர வேண்டிய தேவை இல்லாத தொழில் என்றால், கூகுள் மேப்பில் முகவரியை மறைத்து, சேவை தரும் பகுதியை மட்டும் காட்டலாம். குழந்தையின் பள்ளிச் சீருடையும் வீட்டு வாசலும் தெரியும் ரீல்ஸை வியாபாரப் பக்கத்தில் போடாமல் இருக்கலாம்.

கசிந்துவிட்டால் என்ன செய்வது?

மறைக்கக் கூடாது. புதிய விதிகளின்படி, பாதிக்கப்பட்டவர்களுக்குத் தாமதமின்றி எளிய மொழியில் தெரிவிக்க வேண்டும்: என்ன நடந்தது, என்ன ஆபத்து, அவர்கள் என்ன செய்ய வேண்டும். தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் உடனே சொல்லி, 72 மணி நேரத்துக்குள் முழு விவரம் தர வேண்டும். இது 2027-ல் கட்டாயமாகும். ஆனால் சைபர் தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்கு நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டும் என்ற உத்தரவு 2022 முதலே இருக்கிறது.

இன்ஸ்டா கணக்கு பறிபோனால் பலரும் முதல் இரண்டு நாளை அதை மீட்பதிலேயே செலவழிக்கிறார்கள். அந்த இரண்டு நாளில் திருடியவர் அதே கணக்கிலிருந்து வாடிக்கையாளர்களிடம் "ஜிபே நம்பர் மாறிடுச்சு" என்று பணம் வாங்கிவிடுகிறார். முதலில் வாடிக்கையாளர்களை எச்சரித்துவிட்டு, அடுத்து கணக்கை மீட்கலாம்.

வாங்குபவர் என்ன கேட்கலாம்?

நம்பர் கொடுக்க மாட்டேன் என்று சொல்லலாம். மொபைல் எண் தராததைக் காரணம் காட்டி பில் போட மறுப்பது நியாயமற்ற வர்த்தக நடைமுறை என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே சில்லறை விற்பனையாளர்களுக்கு அறிவுறுத்தியது. "சிஸ்டம் எடுக்காது சார்" என்று சொன்னால், மேலாளரைக் கேட்கலாம்.

புதிய சட்டம் முழுமையாக அமலுக்கு வந்த பிறகு, தன்னைப் பற்றி என்ன தகவல் வைத்திருக்கிறார்கள் என்று கேட்கவும், தவறைத் திருத்தவும், நீக்கச் சொல்லவும் வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. ஜிஎஸ்டி கணக்குப் போன்று சட்டப்படி வைத்திருக்க வேண்டியவற்றை நீக்க முடியாது. விளம்பரப் பட்டியலில் உள்ள நம்பருக்கு அந்தச் சாக்கு செல்லாது. முதலில் அந்தக் கடையிடமே புகார் தர வேண்டும். 90 நாட்களுக்குள் அவர்கள் தீர்வு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வாரியத்துக்கு ஆன்லைனிலேயே புகார் போடலாம்.

இப்போதைக்கு, தேவையில்லாத விளம்பர அழைப்பு, எஸ்எம்எஸ்களை நிறுத்த 1909. உங்கள் படத்தையோ நம்பரையோ ஒரு கடை பதிவிட்டிருந்தால், அந்தப் பதிவின் லிங்க்கையும் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, நீக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். போனில் கேட்டால் பதிவு இருக்காது. கசிந்த விவரத்தை வைத்து யாராவது பணத்தைப் பறித்துவிட்டால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930. தாமதம் ஆக ஆக, பணம் வேறு வேறு கணக்குகளுக்கு மாறிப் போய்விடும்.